முட்டி வலிக்கு 'பேக்கேஜ்' கட்டுவதற்கு முன்னால்

ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் வலது முட்டியின் உள்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) பாதி கிழிந்துவிட்டது. "ஆபரேஷன் தேவையில்லை, பிசியோதெரபி போதும்" என்றார் எலும்பு டாக்டர். சரி என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிசியோ சென்டருக்குப் போனேன்.

முதல் நாளே எல்லா சிட்டிங்குக்கும் சேர்த்து 'பேக்கேஜ்' என்று பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கவரிலிருந்து எடுக்கக்கூட இல்லை. தினமும் ஒரே சடங்கு: முட்டியைச் சுற்றி நாலு பேடை ஒட்டி, லேசான மின்சாரம் பாய்ச்சி வலியைக் குறைக்கும் ஐ.எஃப்.டி. மெஷினைப் போட்டுவிட்டு அங்கே வேலை பார்க்கும் பையன் செல்போனோடு போய்விடுவான். டைமர் கத்தினால் வந்து அல்ட்ராசவுண்ட் வைப்பான் (ஸ்கேன் இல்லை, ஒலியலை சிகிச்சை). ஜெல்லைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு வாங்க சார்". பேட் இருக்கும்வரை வலி தெரியாது. படியிறங்கும்போது முட்டி பழையபடி சட்டென்று மடங்கும்.

உடற்பயிற்சி எப்போது என்று கேட்டதற்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மூட்டுத் தேய்மானத்துக்கு வந்த பெரியவருக்கும் அதே தாள்தான்! முழுதாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் அதில் உண்டு. "வலிச்சாலும் செய்யுங்க, அப்பதான் லூஸ் ஆகும்" என்றார்கள். அன்று ராத்திரியே முட்டி வீங்கிவிட்டது. மீதிப் பணம் கேட்டால், "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது".

அப்புறம் வேறொரு இடத்துக்குப் போனேன். அங்கே பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் எடுத்தது இஞ்ச் டேப். முட்டிச்சில்லுக்கு மேலே 10 செ.மீ. தள்ளிப் பேனாவால் குறித்து, இரண்டு தொடையையும் அளந்தார். அடிபட்ட பக்கம் நன்றாகவே இளைத்திருந்தது. முட்டிக்குள் வீக்கம் இருந்தால் தொடையின் முன்தசை சரியாக இறுகாது, சீக்கிரம் வற்றிவிடும், ஐ.எஃப்.டி. வலியைக் கொஞ்ச நேரம் மறைக்குமே தவிரத் தசைக்கு பலம் தராது என்றார். சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து அழுத்திப் பிடிப்பது, காலை நீட்டியபடியே தூக்குவது, ஆரம்பத்தில் அவ்வளவுதான். ஸ்குவாட்டெல்லாம் வீக்கம் வடிந்த பிறகு, அதுவும் பாதிவரைதான். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டால் உடனே டாக்டரிடம் போகச் சொன்னார்.

பணம் கட்டுமுன், பார்ப்பவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படித்தவரா, கையால் தொட்டுப் பரிசோதிப்பாரா, சிட்டிங்குக்குச் சிட்டிங் கட்டலாமா என்று கேளுங்கள். ரசீதை விடாதீர்கள். அதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய சென்டரிலிருந்து போன் வந்தது: "சார், மீதி சிட்டிங்கை வேணும்னா உங்க அம்மாவுக்கு மாத்திக்கலாமே?"