நாகையில் கப்பல் ஏறுபவர்கள் நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய்வந்ததிலிருந்து எங்கள் திருக்குவளைப் பக்கம் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், கொடுத்த காசுக்கு ஏத்ததா?" கப்பலுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை என்பேன். கப்பல் கொண்டுபோய் விடும் இடத்துக்கு என்றால், தயங்காமல் போங்கள். ஆனால் எல்லோரும் போகிற மாதிரி நல்லூர் கோயில், கடைத்தெரு என்று சுற்றிவிட்டுத் திரும்பி வராதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கிடக்கும் தீவுகளுக்காகவே, அதிலும் நெடுந்தீவுக்காகவே இந்தப் பயணத்தைப் போடுங்கள்.

முதலில் கப்பல். ஆட்டம் பாட்டம், நீச்சல் குளம் எல்லாம் உள்ள உல்லாசக் கப்பல் இல்லை இது. வரிசையாக இருக்கை போட்ட பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு சேவை தொடங்கியது. சில நாளிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி ஆரம்பமானது. தூரம் சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். நாகையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போக இதைவிட அதிக நேரம் ஆகிறது! பாஸ்போர்ட் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறும்போது சேவையை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் மாசிக்குப் பிறகு டிக்கெட் போடுவதுதான் உத்தமம். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கையில் நாலு காசு நிற்கும் நேரமும் அதுதான். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். என் நாத்தனார் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டே வந்தார், ஒன்றும் செய்யவில்லை.

எங்களுக்கு வண்டி பேசிக்கொடுத்த ஏஜென்ட் போட்டுக் கொடுத்த அட்டவணையில் நெடுந்தீவே இல்லை. கேட்டதற்கு, "அங்கே என்னம்மா இருக்கு, வெயிலும் கல்லும்தான்" என்றார். அதற்குப் பதிலாக இரண்டு நகைக்கடையும் ஒரு புடவைக்கடையும் சேர்த்திருந்தார். கும்பகோணத்தில் கிடைக்காத புடவையா அங்கே கிடைக்கப்போகிறது? கூட வந்த என் தம்பி சண்டை போட்டுத்தான் ஒரு நாளை மீட்டான். உங்களுக்கும் இப்படித்தான் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை வரை சாலையிலேயே போய்விடலாம். தீவுக்குத் தீவு, கடலுக்குக் குறுக்கே கல் கொட்டிப் போட்ட சாலை. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீரில் வலை கட்டியிருக்கிறார்கள். குறிகட்டுவானில்தான் படகு. நயினாதீவுக்குக் கால் மணி நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும், நடந்து போகும் தூரத்தில் நாகதீப விகாரை என்ற புத்தர் கோயிலும் இருக்கின்றன. வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்களும் பட்டுப்பாவாடைக் குழந்தைகளோடு நம்மவர்களும் ஒரே படகில்தான் போகிறார்கள். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்பவர்கள் நிறைய. அவள் கிளம்பியது நம் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அல்லவா! கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். மதியச் சாப்பாட்டுக்கு வேறு இடம் தேட வேண்டாம். ஆனி மாதம் திருவிழா, அப்போது கூட்டம் தாங்காது.

சரி, நெடுந்தீவு. சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவு. இதற்கு டெல்ஃப்ட் என்ற இன்னொரு பெயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்கள்) தங்கள் ஊரின் பெயரை வைத்தது. துறையில் இறங்கியதும் ஓட்டோ பேசிக்கொள்ளலாம். இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே மதில்கள் தொடங்கிவிடுகின்றன. வீடு, தோட்டம், பனங்காணி எல்லாவற்றுக்கும் பவளக்கல் மதில்தான். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல் மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு மதிலைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நூல் நூலாக வரி. ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது! தடவினால் சொரசொரக்கிறது. கற்களுக்கு இடையே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது, காற்றும் தடையில்லாமல் வருகிறது. நான் கல்லே இல்லாத வண்டல் மண்ணில் பிறந்தவள். எங்கள் ஊரில் வேலி என்றால் ஒதியம் போத்தும் காட்டாமணக்கும்தான். அந்த மதிலை விட்டு வர எனக்கு மனசே இல்லை. ஓட்டோ ஓட்டிய தம்பி, "அவசரப்படாதேங்கோ அம்மா, படகுக்கு நேரம் கிடக்கு, வடிவாப் பாருங்கோ" என்று இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் குதிரைகள். தீவின் தென்மேற்கே மரமில்லாத பெரிய புல்வெளி, அதில் கூட்டம் கூட்டமாக மட்டக்குதிரைகள். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்டவை என்கிறார்கள், ஒல்லாந்தரும் வளர்த்திருக்கிறார்கள். இப்போது ஆளும் இல்லை, லாயமும் இல்லை. ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்து மேயப் போய்விட்டன. குட்டியின் முதுகு என் இடுப்பு உயரம்கூட இல்லை. கோடையில் தண்ணீர் கிடைக்காமல் இவை செத்துப்போன வருஷங்கள் உண்டு. மேட்டூர் திறக்கும் தேதியை எண்ணிக்கொண்டு வாழ்கிற ஊர்க்காரி நான். தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீருக்கு நான்கு குதிரைகள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. தயவுசெய்து வண்டியை விட்டுத் துரத்திப் படம் எடுக்காதீர்கள். அன்று ஒரு வேன்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

பெருக்கமரம் என்று ஆப்பிரிக்க மரம் ஒன்றும் இருக்கிறது. அடிமரம் உள்ளே பொந்து, நாங்கள் மூன்று பேரும் உள்ளே போய் நின்றோம். ஒல்லாந்தர் கோட்டையின் சிதைந்த சுவர்கள், புறாக்கூடு கோபுரம், எல்லாம் அதே பவளக்கல்தான். காலைப் படகைப் பிடித்தால்தான் இவ்வளவும் பார்க்க முடியும். திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் கையோடு வேண்டும், கடைகள் குறைவு.

யாழ்ப்பாணம் நகரத்துக்கு அரை நாள் போதும். கோட்டையை மட்டும் விடாதீர்கள். ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து அதைப் பிடித்தது 1658இல். நம் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் அதே வருஷம்தான். நாகையில் அவர்கள் கட்டிய கோட்டை இன்றைக்கு இல்லை, இங்கே அகழியோடு நிற்கிறது. பக்கத்திலேயே பொது நூலகம். 1981இல் எரிக்கப்பட்டு, திரும்பக் கட்டப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தோடு இருந்தவள் என்பதால் அங்கே உள்ளே போகவே எனக்குக் கால் வரவில்லை. போனேன். வாசிக்கும் மேஜை முழுக்கப் பிள்ளைகள். காரைநகர் கசூரினா கடற்கரை குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது, ரொம்ப தூரம் வரை ஆழம் இல்லை.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். தம்பியின் சிநேகிதர் வீட்டில் பிளாவில், அதாவது பனையோலையை மடித்துச் செய்த கிண்ணத்தில், ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாயில் லேசாகக் கசந்தது. இரண்டாவது பிளாவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹோட்டலில் எல்லா நாளும் கிடைக்காது, முதல் நாளே சொல்லி வையுங்கள்.

திரும்பும் நாள் காலையைக் கீரிமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகத்துக்குப் பக்கம்தான். கடலை ஒட்டிய கேணியில் நல்ல தண்ணீர், பெண்களுக்குத் தனிக் கேணி. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடிக் குதிரை முகம் நீங்கப்பெற்று, அருகில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைக் கட்டினாள் என்பது தலவரலாறு. மாற்றுத்துணியைப் பெட்டியில் மேலாக வையுங்கள், ஈரத்துணிக்கு ஒரு பை தனியாக இருக்கட்டும். பனங்கட்டிக் குட்டான் (சின்ன ஓலைப்பெட்டியில் வரும் பனைவெல்லம்) வாங்குவதென்றால் முதல் நாளே யாழ்ப்பாணம் சந்தையில் வாங்கிவிடுங்கள். கப்பலில் பெட்டிக்கு எடைக் கணக்கு உண்டு, அதையும் மனசில் வைத்து வாங்குங்கள்.