ரெனாட்டா டெபால்டி பாடின லா போஹேம்: பழைய எல்பி செட் வாங்கி கேட்டேன்

லா போஹேம்ங்கிறது புச்சினியோட ஓபரா, அதாவது முழுக்க பாட்டாவே நடக்குற நாடகம். டெக்கா கம்பெனி 1959ல போட்ட ரெக்கார்டிங் இது, ரோம்ல சாந்தா செசிலியா ஆர்கெஸ்ட்ரா, நடத்துனது துல்லியோ செராஃபின், டெபால்டிக்கு ஜோடியா பாடினது கார்லோ பெர்கோன்சி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், வித்தவர் கீறலே இல்லன்னு சத்தியம் பண்ணாரு, ரெண்டாவது ரெக்கார்ட்ல டிக் டிக்னு ஒரே சத்தம். சரி அத விடுங்க.

முதல் அங்கத்துல மெழுகுவத்தி அணைஞ்சு, சாவி தொலைஞ்சு, இருட்டுல நாயகன், நாயகி மிமி ரெண்டு பேரும் தரையில தடவுவாங்கல்ல, அதுக்கப்புறம் "என்னை மிமின்னு கூப்பிடுவாங்க"ன்னு டெபால்டி ஆரம்பிக்கிற இடம் பாட்டு மாதிரியே இல்ல, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு, அப்புறம் வசந்தத்தோட முதல் வெயில் எனக்குத்தான்னு சொல்றப்ப குரல் அப்படியே விரியுது பாருங்க, நான் ஊசிய திரும்ப எடுத்து வெச்சு மூணு தடவ கேட்டேன்.

டெபால்டி 1922ல இத்தாலில பெசரோல பொறந்தவங்க, சின்ன வயசுல போலியோ, 1944ல ரோவிகோல முதல் மேடை. போர்ல குண்டு விழுந்து இடிஞ்ச மிலான் ஓபரா அரங்கம் லா ஸ்காலாவ 1946ல திரும்ப திறந்தப்ப, ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் டொஸ்கானினி நடத்துன கச்சேரியில பாடினாங்க. தேவதை குரல்னு அவரு சொன்னதா ஒரு கதை உண்டு.

குறைன்னா, உச்சத்துல ஸ்ருதி லேசா கீழ இறங்கும். நடிப்புல நாடகம் வேணும்னா, அதே காலத்து பாடகி மரியா காலஸ் பக்கம் போங்க (ரெண்டு பேரோட ரசிகர் சண்டை இன்னும் ஓயல!). குரலுக்குன்னா இதுதான். சிடில வாங்குங்க, கீறல் தொல்லை இருக்காது.