நிலவேம்புக் குடிநீர்ப் பொடி: வாங்கிப் பார்த்த அனுபவம்

பக்கத்துத் தெரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் பொட்டலம் வாங்கினேன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது பெயரும் உறையில் இருந்தன. அரைத்த தேதிதான் இல்லை. அது பெரிய குறை.

ஒரு டம்ளர் தண்ணீர் கால் டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவைத்தேன். முதலில் வெட்டிவேர் வாசம், அப்புறம் தொண்டைவரை இறங்கும் கசப்பு. அந்தக் கசப்பு நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்ற வேதிப்பொருளால் வருவது. அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி புரதத்தை அது அடக்குவதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு இன்னொரு பொட்டலம் வாங்குவேன்.

ஆனால் செப்சிஸ் வேறு. அதில் கிருமியை எதிர்க்கும் வேகத்தில் உடலே தன் உறுப்புகளைச் சிதைக்கும். அம்மாவுக்குக் காய்ச்சலோடு மூச்சிரைத்து, பேச்சும் குழறிய இரவு, அதுவாக இருக்குமோ என்று பயந்து, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன்.