சும்மா இருக்கும்போதும் துள்ளுகிற பிராசசர்: ஐந்து வருடப் புலம்பல்

போன வாரம் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெருத் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். எதுவும் ஓடவில்லை, டெஸ்க்டாப் மட்டும் தெரிகிறது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வேகம் 1.7, 4.1, 2.2, 3.9 கிகாஹெர்ட்ஸ் என்று குதிக்கிறது. "அண்ணே, பீஸ் டிஃபெக்டா? திருப்பிக் குடுத்துடவா?"

சிரிப்பு வந்தது. அதே மாடல் பிராசசரை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் முன்னால் இதே வீடியோவைக் கடைக்காரருக்கு அனுப்பியவன் நான். "விண்டோஸை மாத்திப் பாருங்க" என்றார். இரண்டு முறை மாற்றினேன். (மாடல் பெயர் வேண்டாம். ஆறு கோர், அதாவது உள்ளே ஆறு தனித்தனி வேலைக்காரர்கள், நடுத்தர விலை, பெட்டிக்குள்ளேயே சின்ன ஃபேன் வரும் ரகம்.)

முதலில் அதன் பக்க நியாயம். நாம் சும்மா இருக்கிறோம், விண்டோஸ் சும்மா இல்லை. ஆன்டிவைரஸ், அப்டேட் தேடல், திறந்து மறந்த பிரவுசர் டேப் என்று ஏதாவது ஒன்று தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்டத்தின் டைமரும் சாதாரணமாக நொடிக்கு 64 முறை துடிக்கும் கணக்கு. இப்படி வரும் துக்கடா வேலையை பிராசசர் மெதுவாகச் செய்யாது. ஓட்டலில் ஒற்றைத் தோசைக்கு ஆர்டர் வந்தால் மாஸ்டர் சிம்மிலா சுடுவார்? தீயை ஏற்றி, சுட்டுத் தள்ளிவிட்டு, மறுபடி இறக்கிவிடுவார். அதேதான் இங்கேயும். சட்டென்று நாலு கிகாஹெர்ட்ஸ், முடித்ததும் தூக்கம்.

எப்போதும் உச்சத்திலேயே நிற்கலாமே என்று கேட்கலாம். வேகத்தை ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.0 வோல்ட் 1.3 ஆனால், வேகம் அப்படியே இருந்தால்கூட செலவு ஏறக்குறைய 1.7 மடங்கு. முன்பெல்லாம் எந்த வேகம் என்று ஆபரேட்டிங் சிஸ்டம்தான் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2015-இல் இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை பிராசசர்களில் ஸ்பீட் ஷிஃப்ட் என்ற வசதி வந்தபின் சிப்பே தானாக முடிவெடுக்க ஆரம்பித்தது, அதுவும் மில்லிசெகண்டுகளில். போட்டி கம்பெனி ஏஎம்டியும் 2019-இல் ஜென் 2 தலைமுறையில் அந்த வழிக்கு வந்தது. நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் டாஸ்க் மேனேஜருக்கு இதில் என்ன பிடிபடும்?

இன்னொரு கூத்து. வேகத்தைப் பார்க்கத் திறக்கும் கருவியே ஒவ்வொரு கோரையும் எழுப்பித்தான் விசாரிக்கிறது. குழந்தையை உலுக்கி "தூங்குறியா?" என்று கேட்பது போல. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்று ஒரு வரிசை உண்டு. தூங்கிய நேரத்தையும் சேர்த்துச் சராசரி சொல்லும். மேல் வரிசை 3,900 மெகாஹெர்ட்ஸ் என்று மிரட்டும்போது அங்கே 40 என்று இருந்தது. நாலாயிரம் இல்லை, நாற்பது. இந்த ஐந்து வருடத்தில் இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அந்த எண்தான்.

சரி, இப்போது கோபம்.

எண் குதிக்கட்டும், கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை எப்படி மூடுவது? அந்த ஒரு நொடித் துள்ளலில் வெப்பம் 41 டிகிரியிலிருந்து 53-க்குப் போகும். மதர்போர்டு பதறிப்போய் ஃபேனை விரட்டும். வ்வூம். ஃபேன் வேகம் எடுப்பதற்குள் சூடு தணிந்திருக்கும், அடங்கும். நாலு நொடி கழித்து மறுபடி வ்வூம். இரவு ஒரு மணிக்கு, ஒன்றுமே செய்யாத கம்ப்யூட்டர் இப்படி மூச்சு வாங்கினால் மனுஷன் என்ன ஆவான்?

நானும் சும்மா இருக்கவில்லை. பவர் பிளானில் குறைந்தபட்ச வேகத்தை 100 சதவீதம் ஆக்கினேன். எண் நின்றது, சத்தம் நிற்கவில்லை. மதர்போர்டின் செட்டிங் மெனுவான பயோஸில் போய், சும்மா இருக்கும் கோர் தூங்கப் போகும் சி-ஸ்டேட் வசதியையே அணைத்தேன். வெப்பம் நிரந்தரமாக ஒன்பது டிகிரி ஏறியது, ஃபேன் ஏறி இறங்காமல் ஒரே சீராக இரைந்தது. அதையே முன்னேற்றம் என்று நினைத்து ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டினேன்.

போன வருடம் அந்த ஃபேனின் பேரிங் போயிற்று. சர்வீஸ் அண்ணன் வந்து தூசி தட்டி, சூடு கடத்தும் பேஸ்ட் வைத்து, வேறு ஃபேன் மாட்டினார். அப்புறம் கேட்காமலேயே பயோஸுக்குள் போய், ஃபேன் வேகம் ஏறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து நொடியாக்கினார். இரண்டு நிமிட வேலை. அன்று இரவு அறையில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. நான்கு வருடமாக ஒரு மெனுவுக்குள் இருந்திருக்கிறது இது!

பிராசசர் மேல் தப்பில்லை என்று எனக்கே தெரிகிறது. ஒருமுறைகூட ஹேங் ஆனதில்லை, எடிட்டிங் வேலைக்கு இன்றும் சளைக்காது, விலையும் இப்போது பாதிக்கு வந்துவிட்டது. மறுபடி வாங்குவேனா? மாட்டேன். அந்தப் பெட்டியைக் கடையில் பார்த்தாலே காதுக்குள் வ்வூம் கேட்கிறது.

தம்பிக்குப் பதில் போட்டேன்: "நல்ல பீஸ்டா. திருப்பிக் குடுக்காதே. ஃபேன் செட்டிங்கை மட்டும் மாத்து, டாஸ்க் மேனேஜரை மூடிட்டுத் தூங்கு."

பத்து நிமிடம் கழித்து வந்தது: "சரிண்ணே. ஆனா இப்ப 4.2 காட்டுதே?"