மடிக்கணினியில் சுரீர், வீட்டில் எர்த் இல்லை: காரைக்குடிப் பயணத்தில் பார்த்த மின்வேலை

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து, காரைக்குடியில் பெற்றோர் வீட்டிலிருந்தபடியே சில நாள் அலுவலக வேலையையும் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும். அலுமினிய உடல் கொண்ட மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டு, வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றியபடி அதன் விளிம்பில் மணிக்கட்டை வைத்தால், எறும்பு ஊர்வது போன்ற ஒரு கூச்சம் தெரிகிறது. விரலை மெல்ல உலோகத்தின் மேல் நகர்த்தினால், வழவழப்பான பரப்பு திடீரெனச் சொரசொரப்பாகி அதிர்வது போலத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் இதே கணினியில் இப்படி எதுவும் இருந்ததில்லை. “எதுக்கும் கடையில ஒரு தடவ காட்டிருங்க மச்சான்” என்று தங்கையின் கணவர் சொன்னதால், கணினி பழுது பார்க்கும் ஒரு சிறிய கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடைக்காரர் கணினியைத் திறக்கவே இல்லை. தம்மிடமிருந்த மூன்று பின் கம்பியை என் சார்ஜரில் மாட்டி, தம் மேசைக்கருகில் இருந்த பிளக்கில் செருகி, “இப்பத் தொட்டுப் பாருங்க சார்” என்றார். கூச்சம் அறவே இல்லை. “மெஷின்ல ஒண்ணுமில்ல, வீட்டுல எர்த் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்க மறுத்தார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளில் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

அவர் சொன்னதன் காரணம் சார்ஜருக்குள் இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் கணினிக்குப் போகும் பக்கத்துக்கும் இடையே, மின்னிரைச்சலைக் குறைப்பதற்காக ஒரு சிறு மின்தேக்கியை வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிதளவு மின்னோட்டம் கணினியின் உலோக உடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். 2.2 நானோ ஃபாரட் மின்தேக்கி என்று வைத்துக் கணக்கிட்டால், 50 ஹெர்ட்ஸில் அது அதிகம் போனால் 0.16 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. எர்த் இணைப்பு இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால், தொடுகிற நம் உடலின் வழியே போகும். எர்த் இல்லாத நிலையில் மல்டிமீட்டர் வைத்து அளந்தால் 100 வோல்ட்டை ஒட்டிக் காட்டும் என்பதால் வீட்டில் பெரியவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் அதன் பின்னால் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால், கை பட்டதும் அந்த அழுத்தம் விழுந்துவிடும். பழுதில்லாத, தரமான சார்ஜரில் இதனால் ஆபத்தில்லை. எறும்பு ஊர்வது போன்ற கூச்சத்தைத் தவிர வேறு ஒரு வகை உணர்வும் இதில் உண்டு: தேய்க்கும்போது வரும் சொரசொரப்பை 1953இல் மாலின்க்ரோட் என்ற அமெரிக்கரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து எழுதினார்கள். விளக்கு எரியும்போது அதன் பித்தளைத் தாங்கி வழவழப்பு குறைந்து தெரிந்ததே அவர்களுக்குத் தொடக்கமாக இருந்தது.

சிங்கப்பூர்ப் பிளக் தடித்த மூன்று பட்டைப் பின்கள் கொண்டது. அதை இங்கே செருக நாம் கொண்டுவரும் பயணக் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த்துக்குத் தொடர்பே கிடையாது. மூன்று பின்னும் உள்ளே போகும், இரண்டுதான் வெளியே வரும். எனவே முதல் வேலையாக, மேலே தடித்த எர்த் பின் உள்ள இந்திய மூன்று பின் கம்பி ஒன்றை வாங்கினேன். வீட்டில் அதைச் செருகியும் கூச்சம் போகவில்லை. பிளக்கில் எர்த் ஓட்டை இருந்தது. அதன் பின்னால் எர்த் இல்லை.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றார். ஸ்விட்ச் போர்டுக்குள் நியூட்ரலிலிருந்து (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரை லூப் போட்டுவிட்டால் கூச்சம் நின்றுவிடுமாம். நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தப் போர்டில் செருகியிருக்கும் ஃபிரிட்ஜ், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் உலோக உடலிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். கணினியின் கூச்சத்தைப் போக்க அம்மா தொடும் கிரைண்டரை அபாயமாக்க வேண்டாம் என்று சொல்லி, வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பினேன். இந்தக் குறுக்குவழி நம் ஊர்களில் எவ்வளவு இயல்பாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்து வந்தவர் வயதில் மூத்தவர். ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் ஒரு முனையைப் பேஸிலும் (மின்சாரம் வரும் ஒயர்) மறுமுனையை எர்த்திலும் வைத்தார். பல்பின் இழை லேசாகச் சிவந்ததே தவிர எரியவில்லை. மறுமுனையை நியூட்ரலில் வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. அதாவது, எர்த்தில்தான் கோளாறு. பிறகு கொல்லைப்புறம் போய் எர்த் பைப்பைத் தேடினார். மண்ணுக்குச் சற்று மேலே இருந்த கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்து, ஒயர் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். “பைப்பே போச்சு தம்பி, கிளாம்ப மாத்தி பிரயோசனமில்ல” என்றார் அவர்.

மறுநாள் குழி தோண்டி, 2.5 மீட்டர் நீளமுள்ள புதிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நீர் ஊற்றுவதற்கு மேலே ஒரு வாயும் விட்டார்கள். உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும், பைப்பை அரிக்கவும் செய்யும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்புறை மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும் என்பதால், அவ்வப்போது குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பல்பு இப்போது முழு வெளிச்சத்தில் எரிந்தது. அதன் பிறகே மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றை மாட்டினார். எர்த் இருந்தால், ஃபிரிட்ஜில் கசிவு ஏற்பட்ட உடனேயே அது விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் இந்தக் கருவி கட்டாயம்.

மின்கம்பி வேலையில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. மாடிக்குப் போகும் பழைய லைனில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே ஓடுகின்றன, எர்த்துக்கான பச்சை ஒயர் இழுக்கவே இல்லை. பொங்கல் கழிந்து வந்து இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மாடியில் வாஷிங் மெஷினைப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி, அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.