மேஜையில் நிற்கும் வீரர்கள்: ஒரு மினியேச்சர் செட்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி விளையாடும் கற்பனைக் கதை ஆட்டத்துக்காக 28 மி.மீ. அளவு பிளாஸ்டிக் மினியேச்சர் (குட்டிப் பொம்மை) செட் ஒன்று வாங்கினேன், ரொம்பப் பிடித்துவிட்டது. பொம்மைகளை நிறுத்தும் கட்டம் போட்ட விரிப்பில் 1 அங்குலக் கட்டம் என்றால் ஆட்டத்தில் 5 அடி, அதனால் பூதம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, மந்திரவாதி விடும் நெருப்பில் நம் ஆள் யாராவது சிக்குவாரா என்ற வாக்குவாதமே இப்போது இல்லை, எல்லோரும் மேஜை மேல் குனிந்து பார்த்தே முடிவு செய்கிறோம். குள்ளனின் தாடிப் பின்னல்கூடத் தெளிவாகத் தெரிகிறது! ஒரு வீரனின் ஈட்டி மட்டும் வளைந்தே வந்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்ததும் சரியாகிவிட்டது. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி பிரைமர் (பெயின்ட் ஒட்டிக்கொள்வதற்கான அடிப்பூச்சு) பூசுங்கள், இல்லாவிட்டால் கைபட்டுக் கைபட்டு உரிந்துவிடும். அப்புறம், பேச்சாகவே போகும் காட்சிகளில் இவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன், சண்டைக்குத்தான் இவை வேண்டும்.