மாமரத்துப் புல்லுருவியோடு ஒன்பது வருடம்

எங்கள் வீட்டு மாமரத்தில் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி ஒட்டியிருந்ததை 2016இல்தான் கவனித்தேன். உடனே அரிவாளால் வழித்து எடுத்தேன். அடுத்த மழைக்கு அதே கிளையில் நாலு இடத்தில் துளிர்த்து நின்றது. டென்ட்ரோப்தே ஃபல்கேட்டா என்னும் இந்த வகை பட்டையின் மேலேயே வேர் ஓட்டி, போகிற வழியெல்லாம் உறிஞ்சு வேரை மரத்துக்குள் இறக்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு அடி கீழே தள்ளிக் கிளையையே அறுத்த பிறகுதான் போனது.

கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொத்து மட்டும் தப்பியது. அது பூத்தபோது என் மனம் மாறிவிட்டது. நீளமான ஆரஞ்சுக் குழல் பூக்கள், நுனியில் பச்சை. தேன்சிட்டு முதிர்ந்த மொட்டை அலகால் மெல்ல அழுத்தும், மொட்டு பட்டென்று திறக்கும். பழம் சிவந்ததும் மலர்கொத்தி வரும். எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டிப் பறவை. விழுங்கிய விதை சில நிமிடங்களில் பிசினோடு வெளியே வரும், அதைக் கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். பறவையியலாளர் சலீம் அலி கொங்கணத்தில் இதையெல்லாம் பார்த்து 1931இலேயே எழுதியிருக்கிறார்.

அப்புறம் வயதான சப்போட்டா மரத்தில் நானே வளர்த்துப் பார்த்தேன். பழத்தோலை நீக்கி, பென்சில் தடிமனுள்ள கிளைகளில் இருபது விதை ஒட்டினேன். மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். பச்சை முளை வெளிச்சத்தை விட்டு விலகி வளைந்து பட்டையைத் தொடும், தொட்ட நுனி தட்டையாகிப் பதியும். பெரும்பாலும் முளைத்தன, பிடித்தவை மூன்றுதான். முதல் வருடம் இரண்டு மூன்று இலைக்கு மேல் வரவில்லை.

புல்லுருவிக்கென்று தனிப் பராமரிப்பு கிடையாது, பார்த்துக்கொள்ள வேண்டியது அது ஒட்டியிருக்கும் மரத்தை. பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் தாதுச்சத்தும் மட்டும் மரம் கொடுக்க வேண்டும். 2019 கோடையில் மாவிலைகள் வாடித் தொங்க, இது மட்டும் செழிப்பாக நின்றது. பார்க்கவே வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து சித்திரை, வைகாசியில் மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி, வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு, சருகை மூடாக்காகப் போடுகிறேன். அப்படியும் கொத்துக்கு அப்பால் இருந்த கிளை நுனி காய்ந்துவிட்டது, ஒட்டிய இடம் முண்டாகப் பருத்துவிட்டது. அந்தக் கிளையில் இனி மாங்காய் கிடையாது.

இளமரத்திலும், விளைச்சலை நம்பியிருக்கும் தோப்பிலும் இதை விடவே கூடாது. பெரிய மரம் என்றால் ஒரே கொத்து போதும். தன் மரங்களுக்கும் பரவிவிடும் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பயந்தது நியாயம்தான். அதனால் பறவைக்குக் கொஞ்சம் பழம் விட்டு மீதியைப் பழுக்குமுன் கிள்ளிவிடுகிறேன். மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, புது முளை தெரிந்தால் சுரண்டி எடுக்கிறேன்.

போன ஐப்பசியில் இலையடியில் காமன் ஜெசபெல் பட்டாம்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக வந்தன. பாதி இலையைத் தின்றுவிட்டன. மருந்து அடிக்கவில்லை. மஞ்சள் இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த பதினொரு பட்டாம்பூச்சிகளை எண்ணினேன்.